மிஸ்ஸியம்மாவின் கால் மச்சம்

ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகிற மலரில் சினிமாவைப் பற்றி என்ன எழுத்து என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். துறவியான திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணிக்கே மணநூல் என்று ஒரு பெயர் உண்டு. துறவியே மணங்களைப் பாடியிருக்கும்போது, எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரன் ஒரு கல்யாணப் படத்தைப் பற்றி எழுதினால் குற்றமாகாது என்ற துணிவில் எழுதுகிறேன்.

படம் 'மிஸ்ஸியம்மா'. 1955 பொங்கலுக்கு வந்தது. நாகிரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா புரொடக்ஷன்ஸ் தயாரிப்பு, எல்.வி.பிரசாத் இயக்கம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ஜோடி. தெலுங்கில் என்.டி.ராமராவை வைத்து 'மிஸ்ஸம்மா' என்று கூடவே எடுத்தார்கள். கதைக்கு மூலம் ரவீந்திரநாத் மைத்ராவின் வங்காள நாடகம். மேரி வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் பானுமதி. அவர் விலகும்படி ஆனதால், இரண்டாம் வேடத்துக்கு இருந்த சாவித்திரிக்கு அது கிடைத்தது. தமிழ் சினிமாவுக்கு அது ஒரு நல்ல காலம்.

சின்ன வயதில் வந்தவாசிப் பக்கம் ஒரு கீற்றுக்கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்தேன். நயினார் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதனால் முதல் ஆட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் மணலைக் குவித்து உட்கார்ந்துவிடுவோம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு ஜமீன்தார் தன் பள்ளிக்கூடத்துக்குக் கணவன் மனைவியாக இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். வேலையில்லாத பாலு இந்து. கடன்காரன் தொல்லையில் இருக்கும் மேரி கிறிஸ்தவப் பெண். வயிற்றுப்பாட்டுக்காக இருவரும் தம்பதி என்று பொய் சொல்லி வேலையில் சேருகிறார்கள். பொய்யை மெய்யென்று நம்பி, ஜமீன்தாரும் அவர் சம்சாரமும் இவர்களை மகள், மருமகனாகவே நடத்துகிறார்கள். சிரிப்பெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

இதற்கு 21 வருஷம் முன்னால், 1934ல், அமெரிக்காவில் ஃப்ராங்க் காப்ரா 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' என்று ஒரு படம் எடுத்தார். படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து பெரிய ஆஸ்கார் பரிசுகளையும் ஒருசேர வாங்கிய முதல் படம் அதுதான். ஏவி.எம். அதையொட்டி 1956ல் ராஜ்கபூர், நர்கிஸை வைத்து 'சோரி சோரி' எடுத்தது. அப்பன் பேச்சை மீறி ஓடிவந்த பணக்காரப் பெண். வேலை பறிபோன பத்திரிகைக்காரன். வழியில் விடுதியில் ஒரே அறையில் கணவன் மனைவி என்று சொல்லித் தங்க வேண்டி வருகிறது. நடுவில் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, பைபிளில் வரும் எரிகோ நகர மதில் இது என்கிறான் அவன்.

இரண்டு படங்களுக்கும் ஒன்றிலிருந்து ஒன்று வந்த உறவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு உண்மை புலப்படும். தம்பதி என்பது பொய். சண்டை மட்டும் மெய். அமெரிக்கப் படத்தில் துப்பறிகிறவர்கள் அறைக்கு வந்ததும் இருவரும் கத்திச் சண்டை போடுகிறார்கள். இப்படிச் சண்டை போட்டால் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருக்கும் என்று வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். பாலுவும் மேரியும் நடிக்கவே வேண்டியதில்லை. நாள் முழுக்க நடக்கும் அவர்கள் சண்டையே நல்ல தாம்பத்தியத்துக்கு அத்தாட்சியாகி விடுகிறது.

வள்ளுவர் இதை அறிந்தவர். திருக்குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகை. அதற்கு முந்தையது புலவி நுணுக்கம். கணவன் தும்முகிறான், வாழ்த்திய மனைவியே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். இந்த அதிகாரங்களை வள்ளுவர் களவியலில் வைக்கவில்லை, கற்பியலில் வைத்தார். மணமான பிறகு வரவேண்டிய ஊடல் இந்தப் படங்களில் மணத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பாலுவிடம் சீதா பாட்டுக் கற்கும்போது மேரிக்கு வரும் கோபம் இருக்கிறதே, மனைவி அல்லாதவளுக்கு வருகிற கோபமா அது? அந்த இடத்தில் சாவித்திரியின் கண்ணைப் பார்த்தால் போதும்.

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன் சொல்லுகிறார். நான்கும் இந்தப் படத்தில் உண்டு. மேரியும் பாலுவும் ஒருவரையொருவர் எள்ளுகிறார்கள். ஜமுனாவின் சீதா இளமை. துப்பறியும் புலியாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் தங்கவேலு பேதைமை. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு விடாமல் பிடித்திருப்பது மடன், அது எஸ்.வி.ரங்காராவின் ஜமீன்தார். இதில் ஒருவரையும் படம் கேவலப்படுத்தவில்லை. நிலாவை நடுவராக வைத்து இருவரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. ராஜேஸ்வரராவ் இசை, ஏ.எம்.ராஜாவும் பி.லீலாவும் பாடியது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அந்த வெளிச்சம் இன்றைக்கும் குளிர்ச்சியாக இருக்கிறது.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு இந்தப் பொய் புதிதல்ல. 1984ல் நான் பெங்களூர் வந்தபோது, குடும்பஸ்தனுக்குத்தான் வீடு என்றார் ஒரு வீட்டுக்கார அம்மா. கல்யாணமே ஆகாத நான், சம்சாரம் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்று ஒரு பொய்யைச் சொல்லி வீட்டைப் பிடித்தேன். அகிம்சைக்கு அடுத்து வாய்மை என்று படித்து வளர்ந்தவன்! அந்தம்மா மாதாமாதம், "கண்டோ, ஹெண்ணோ?" என்று, ஆணா பெண்ணா என்று கேட்பார். தபால் வரவில்லை என்பேன். இரண்டு வருஷம் கழித்து நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டு என் மனைவியை அழைத்து வந்தால், வாசலிலேயே, குழந்தை எங்கே என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சாவித்திரி தோற்றுப்போவார்.

இவ்வளவு புகழ்ந்த நான் ஒரு குறையும் சொல்ல வேண்டும். முடிவில், மேரியின் காலில் உள்ள மச்சத்தைக் கொண்டு, அவள் ஜமீன்தார் சிறுவயதில் தொலைத்த மகள் மகாலட்சுமி என்று தெரிகிறது. அவள் பிறப்பால் இந்து. தடை நீங்கியது, கல்யாணம், சுபம். யோசித்துப் பாருங்கள். மேரி பாலுவை விரும்பியது மச்சம் தெரிவதற்கு முன்னால். அவள் மேரியாக இருந்தே விரும்பினாள். காதல் முந்தி, மச்சம் பிந்தி. அப்படியானால் அந்த மச்சம் யாருக்காக? காதலர்களுக்காக அல்ல, கொட்டகையில் உட்கார்ந்திருந்த நமக்காக.

காப்ராவின் படத்திலும் முறைப்படி மணம் நடந்த பிறகுதான் போர்வை கீழே விழுகிறது. அவரும் ஊருக்குப் பயந்தவர்தான். ஆனால் தடுப்பு விழுகிறது. மிஸ்ஸியம்மாவில் மதில் விழவில்லை. அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

இன்னொரு சேதி. மதம் மாறாமலே இரு மதத்தார் மணம் செய்துகொள்ள வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டம் 1954ல் நிறைவேறி, 1955 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இரண்டே வாரத்தில் படம் வெளிவந்தது. பாலுவுக்கும் மேரிக்கும் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. கதைக்குத்தான் அந்த வாசலில் நுழையத் துணிவில்லை. படத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கிறிஸ்தவப் பெண்ணைத் தன்மானமுள்ளவளாகக் காட்டியதே அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம்.

நம் வீடுகளில் மட்டும் என்ன நடக்கிறது? இந்த ஊரில் நம் பிள்ளைகள் எல்லா மொழிக்காரரோடும் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். என் இளைய மகள், கூட வேலை பார்க்கும் மங்களூர்க் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, எங்கள் வீட்டிலும் எல்லோரும் மச்சம் தேடினோம். அந்தப் பக்கம் ஜைனர்கள் நிறைய உண்டே, பையனுடைய பாட்டி வழியில் ஏதாவது தொடர்பு இருக்காதா என்று என் மைத்துனி ஒரு வாரம் விசாரித்தாள். நானும் தடுக்கவில்லை. ஒரு மச்சம் கிடைத்துவிட்டால் என் கௌரவம் தப்பிக்குமே! ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒருநாள் இரவு மகள் இந்தப் படத்தை டி.வி.டி.யில் போட்டாள். மச்சக் காட்சி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் ஆனதும் மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது. மகள் கோயிலுக்குப் போகிறாள், மாப்பிள்ளை மாதா கோயிலுக்குப் போகிறார். பொழுதோடு சாப்பிடும் வழக்கம் மட்டும் அவருக்கும் வந்துவிட்டது.

பழைய படங்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். சிரிக்கிற இடத்தில் சேர்ந்து சிரியுங்கள். மச்சம் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, அவர்கள் முகத்தையும் பாருங்கள்.