பழைய ஜீப்பின் ஹெட்லைட்: பல்புக்கு முன் ஒயரைப் பாருங்கள்

மஹிந்திரா எம்எம் 540 வைத்திருப்பவர்கள் அதன் இன்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். 2112 சிசி பூஷோ டீசல், லோ ரேஞ்சில் போட்டால் அசராமல் மேடேறும். பேச்சு ஹெட்லைட் பக்கம் திரும்பினால்தான் முகம் வாடும். மஞ்சளாக, மங்கலாக ஒரு வெளிச்சம் விழும். அது ரோட்டைக் காட்டுகிறதா, பம்பரை மட்டும் காட்டுகிறதா என்றே சந்தேகம் வரும். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் நேராகக் கடைக்குப் போய் 100 வாட் பல்போ எல்இடியோ வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. நண்பர் ஒருவரின் எம்எம் 540-ல் ஒவ்வொன்றாக மாற்றி, மீட்டர் வைத்து அளந்து, கொல்லிமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன்.

கொல்லிமலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து, இன்ஜின் வேகம் விழுந்து, மறுபடி ஏற வேண்டும். இன்ஜின் வேகம் விழும்போது ஆல்டர்னேட்டர் தரும் கரண்டும் விழும். காட்டுப் பாதையில் கல்லுக்குக் கல் ஊர்ந்து போகும்போதும் இதே நிலைமைதான். வெளிச்சம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் பழைய ஜீப் குறைவாகத் தருகிறது. நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமாராகத் தெரிந்த விளக்கு, மலை வளைவில் பொட்டுப்போல் சுருங்குவது அதனால்தான்.

முதலில் வண்டியை எதுவும் மாற்றாமல் அளந்தோம். ஃபேன் பெல்ட் தளர்வாக இருந்தால் அளவே பொய்யாகிவிடும் என்பதால் அதை இறுக்கிக்கொண்டோம். இன்ஜின் ஓட, லோ பீம் எரிய, பேட்டரி முனையில் 13.6 வோல்ட். நல்ல அளவுதான். அதே நேரம் பல்பு ஹோல்டரின் பின்னால் மீட்டர் முனைகளை வைத்தால் 11.3 வோல்ட். நடுவில் 2.3 வோல்ட் எங்கேயோ தொலைந்திருந்தது.

இது சின்ன விஷயம்போல் தெரியும். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரிகிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். 60/55 வாட் எச்4 பல்புக்கான சர்வதேசத் தர அளவு 13.2 வோல்ட்டில் எடுக்கப்படுவது: ஹை பீமில் 1650 லூமன், லோ பீமில் 1000 லூமன். 11.3 வோல்ட் மட்டும் கிடைத்தால் லோ பீமில் 600 லூமன்கூடத் தேறாது. பல்பு என்னவோ நல்ல பல்புதான், அதற்குச் சாப்பாடுதான் போய்ச் சேரவில்லை.

தொலைந்த வோல்டேஜைத் தேடுவது எளிது. விளக்கு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை பல்பின் பாசிட்டிவிலும் வைத்தால், அந்தப் பக்கத்து இழப்பு தெரிந்துவிடும். இங்கே 1.6 வோல்ட். எர்த் பக்கம் அதேபோல் பார்த்ததில் 0.7 வோல்ட். பழைய ஜீப்பில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வரை வந்து, டிம்-பிரைட் சுவிட்சைத் தாண்டி, மறுபடி முன்னால் போகிறது. இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த நீளமான, மெல்லிய, வயதான ஒயரிலும் தேய்ந்த சுவிட்ச் முனைகளிலும் 1.6 வோல்ட் இழந்தால், சுமார் 16 வாட் வெறும் சூடாக வீணாகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தோம். சுவிட்ச் கப்ளர் வெதுவெதுப்பாக இருந்தது, வெள்ளை பிளாஸ்டிக் ஒரு முனையில் பழுப்பேறி உப்பியிருந்தது. ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம்தான் அங்கே சூடாகிக்கொண்டிருந்தது.

எர்த்தை முதலில் சரிசெய்தோம், காரணம் செலவே இல்லை. இடது விளக்கின் எர்த் ஒயர் கிரில் தகட்டில் ஒரு ஸ்க்ரூவோடு முடிந்திருந்தது. ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. அதற்கு அடியில் யாரோ எப்போதோ அடித்த பெயிண்ட் தடிமனாகப் படிந்திருந்தது. பெயிண்ட்டுக்கு மேல் எர்த் கொடுத்தால் கரண்ட் எப்படிப் போகும்? உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, புது லக் அடித்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். இரண்டு விளக்கிலிருந்தும் பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு ஒயரும் இழுத்தோம். அந்த 0.7 வோல்ட் இழப்பு ஏறக்குறைய மறைந்தது. வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது ரிலே. இந்தக் கட்டுரையில் நான் மனதார சிபாரிசு செய்யும் ஒரே சாமான் இதுதான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ரிலேயின் 30-ம் நம்பர் முனைக்கு வரும், 87-லிருந்து நேராக பல்புக்குப் போகும். பழைய சுவிட்ச் ஒயர் 86-லும் எர்த் 85-லும் சேர்ந்து ரிலேயை இயக்க மட்டும் செய்யும். அதற்கு கால் ஆம்பியர்கூட வேண்டாம், சுவிட்சும் நிம்மதியாக இருக்கும். ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். நடு மலையில் ஒரு ஃபியூஸ் போனாலும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேரலாம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். ஆற்றில் இறக்கும் வண்டி என்றால் ரிலேக்களை உயரமாக, முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது.

ரெடிமேடாகவே எச்4 ரிலே கிட் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் வாங்கும்போது ஒயரின் கனத்தைப் பாருங்கள். கடையில் எங்களுக்கு முதலில் காட்டிய கிட்டில் ரப்பர் உறைதான் தடிமன், உள்ளே செம்பு நூல்போல் இருந்தது. அதை மாட்டினால் ரிலே போட்ட பலனே இருக்காது. இன்னொன்று, சுசூகி சாமுராய் போன்ற சில வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கம் வேலை செய்யும். அவற்றுக்கு இணைப்பு முறை வேறு. உங்கள் வண்டி எந்த வகை என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ரிலே முடிந்ததும் அதே பல்பு, அதே டூம் (கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த விளக்குக் கூடு). பல்பு முனையில் 13.2 வோல்ட். மஞ்சள் போய் வெளுப்பு வந்தது. அன்று இரவு வளைவுகளில் உள்பக்கத்துக் கைப்பிடிச் சுவரும், ஓரத்து வெள்ளைக் கோடும், உருண்டு கிடந்த சல்லியும் திரும்புவதற்கு முன்பே தெரிந்தன. இன்ஜின் வேகம் விழுந்தபோது வெளிச்சம் கொஞ்சம் தணிந்தது, ஆனால் முன்புபோல் அணையப் போவதுபோல் சுருங்கவில்லை.

பிறகுதான் டூம். உள்ளே ரிஃப்ளெக்டர் மங்கிப்போய், கண்ணாடியில் கல் அடித்த தழும்புகள் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். 7 அங்குல வட்ட விளக்கு அமெரிக்காவில் 1940-ல் தரப்படுத்தப்பட்ட அளவு. அம்பாசிடர், ஜிப்சி, பழைய தார் என்று பல வண்டிகளிலும் அதேதான், அதனால் கிடைப்பதில் பஞ்சமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். லோ பீம் இடது ஓரத்தை நோக்கித்தான் சற்று மேலேற வேண்டும். வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கான டூமை வாங்கி மாட்டினால், அந்த மேலேறும் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும். ஐரோப்பியத் தரக் குறியீடு உள்ள டூம் என்றால், முன்னால் நின்று பார்க்கும்போது கண்ணாடியில் வலதுபக்கம் காட்டும் அம்புக்குறி இருக்க வேண்டும்.

100/90 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். பழைய ஒயரில் போட்டால் இழப்பு இன்னும் கூடும், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். பொதுச் சாலைக்கு அனுமதியும் இல்லை. நல்ல கம்பெனியின் சாதாரண 60/55 போதும்.

எல்இடி பல்பையும் அதே டூமில் போட்டுப் பார்த்தோம். நியாயமாகச் சொன்னால் அதற்கும் நல்ல குணங்கள் உண்டு: கரண்ட் குறைவாக எடுக்கும், வோல்டேஜ் இறங்கினாலும் ஒரே மாதிரி எரியும். ஆனால் சுவரில் அடித்துப் பார்த்தபோது லோ பீமின் மேல் விளிம்பு கரைந்துபோய், அதற்கும் மேலே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. எச்4 டூம், மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சரியான இடத்தில் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. பட்டையான எல்இடி அந்த இடத்தில் அப்படியே உட்காருவதில்லை. ஓட்டுபவருக்குப் பக்கத்து ரோடு பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது. எதிரே பைக்கில் வருபவருக்கு எதுவுமே தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 106-ம் விதி கண்கூசும் விளக்கைத் தடுக்கிறது. விதியே இல்லாவிட்டாலும், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் மலை ரோட்டில் எதிரே வருபவரின் கண்ணைக் கட்டுவது பெரும் பாவம்.

கடைசியாக, காசில்லாத ஆனால் தவிர்க்கக் கூடாத வேலை: விளக்கின் கோணம். சமதளத்தில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, லோ பீமின் மேல் விளிம்பு அதற்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களும் சுமையும் வண்டியில் இருக்கட்டும். பின்னால் ஆறு பேர் உட்கார்ந்தால் பட்டை ஸ்பிரிங் அமுங்கி மூக்கு தூக்கும், வெறும் வண்டியில் வைத்த கோணம் வானத்தைப் பார்க்கும்.

ரிலே, ஒயர், ஃபியூஸ், லக் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது, கூலி தனி. பழைய ஜீப்போ ஜிப்சியோ வைத்திருப்பவர்கள் எந்த பல்பு நல்லது என்று கேட்கும் முன், பல்பு முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். 12.5-க்குக் கீழே இருந்தால் கடைக்காரரிடம் பல்பு கேட்காதீர்கள், ரிலே கேளுங்கள்.