அடுத்த ஞாயிறு

எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ பற்றி நம்மில் யாருக்கும் இரண்டாவது அபிப்ராயம் கிடையாது. இது எனக்குக் கொஞ்ச நாளாகவே சங்கடமாக இருந்து வருகிறது. எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கவிதையை யாரும் படிப்பதில்லை. அதற்கு மரியாதை செலுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சென்ற மாதம் தி. நகரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தபோது நான் அதை உரக்கப் படித்தேன். படித்து முடித்ததும் வழக்கமான மௌனம். அந்த மௌனத்தை உடைத்தவர் இலக்கியக்காரர் அல்ல. எங்கள் வங்கிக் கிளையில் ஹெட் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், நாசரேத் பக்கத்து மனிதர். எனக்குத் துணையாக வந்திருந்தார். “நல்லாருக்கு தம்பி. ஆனா எரிஞ்சு போச்சுல்லா, அடுத்த ஞாயித்துக்கிழம எங்க கூடுனாங்க?” என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை எழுதிவிட வேண்டும். “அண்ணாச்சி, அது சர்ச் இல்லை, லைப்ரரி” என்றேன். “தெரியும். எங்க ஊர்ல கோயில்னா கட்டடம், சபைன்னா ஜனங்க. கோயில் எரிஞ்ச கதைய நீங்க வாசிச்சீங்க. சபைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன்.” விமர்சனம் என்று நான் எழுதி வந்திருப்பவற்றில் இவ்வளவு நேரான கேள்வியை நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அவருக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலில் ஸ்தூலமான விஷயங்கள். 1981 மே 31 இரவு, மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, யாழ்ப்பாணத்தில் போலீஸ்காரர்கள் தொடங்கிய வெறியாட்டத்தில் கடைகள் எரிந்தன, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் எரிந்தது, பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 புத்தகங்களும் ஓலைச் சுவடிகளும் போயின. அந்தக் கட்டிடத்துக்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. அதற்கு வரைபடம் போட்ட நரசிம்மன் இங்கிருந்து போனவர். ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன். தாவீது அடிகள் என்ற பன்மொழி அறிஞர், கத்தோலிக்கக் குரு, தீயைத் தூரத்திலிருந்து பார்த்த அதிர்ச்சியில் இறந்துபோனார். இவற்றையெல்லாம் நாம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு இவையும் ஒரு புராணமாகிவிட்டன.

நுஃமான் இந்தப் புராணத்துக்குள் போகவில்லை. அவர் கவிதையில் சுட்டுக் கொல்லப்படுபவர் புத்தர். சிவில் உடையில் வந்த போலீஸார் கொல்கிறார்கள். பிணம் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது. இரவில் அமைச்சர்கள் வந்து, பட்டியலில் பெயர் இல்லாத இவரை ஏன் கொன்றீர்கள் என்று சினக்கிறார்கள். பிறகு புத்தகங்களே விறகாகச் சடலம் எரிகிறது. ஓலமிட எல்லா நியாயமும் இருந்த ஒரு சந்தர்ப்பத்தில் கவிஞர் குமாஸ்தாக் குரலில், கோப்புகளின் வரிசையில் பேசுகிறார். எரிந்தது எங்கள் பொருள் என்று சொல்லாமல், எரித்தவனின் கடவுள் செத்துப்போனார் என்கிறார். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஒருவர், சைவர் பெரும்பான்மையான ஒரு நகரத்தின் நூலகத்துக்காக, புத்தரின் பிணத்தின் முன் நிற்கிறார். இந்த நிலையை எடுத்துக்கொண்டதுதான் கவிதையின் தார்மீக பலம். இது வரைக்கும் என் பழைய அபிப்ராயத்தில் மாற்றமில்லை.

ஆனால் அண்ணாச்சியின் கேள்வியோடு மறுபடி படித்தால் ஒன்று தட்டுப்படுகிறது. கவிதையில் கொன்றவர்கள் இருக்கிறார்கள், ஏவியவர்கள் இருக்கிறார்கள், பிணம் இருக்கிறது. வாசகன் இல்லை. மறுநாள் காலை பேப்பர் படிக்க அந்தப் படியேறி வந்திருக்கக்கூடிய ஓய்வு பெற்ற தபால்காரர், பரீட்சைக்குப் படிக்கும் பெண், யாருமே இல்லை. கோயில் இருக்கிறது, சபை இல்லை. நூலகம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். அது கட்டிடத்தைத்தான் குறிக்கிறது. அங்கே தினம் வந்து போகிறவர்களைச் சேர்த்துச் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாததால் அவர்கள் இழப்புக் கணக்கிலும் வருவதில்லை.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1933-இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே புத்தகங்களை இரவல் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு அது ஒரு வாடகை அறைக்குப் போனபோது புத்தகங்கள் 844. நாம் துக்கம் கொண்டாடும் வெள்ளைக் கட்டிடம் திறக்கப்பட்டது 1959-இல். ஆக, கூரையைப் பற்றிக் கவலைப்படாமல் இருபத்தாறு வருஷங்கள் அங்கே ஒரு சபை கூடிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டிடம் அந்தப் பழக்கத்தின் விளைவு, காரணமல்ல.

எங்கள் தி. நகரிலும் ஒரு மே 31 உண்டு. 2017-இல் அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று எரிந்தது. ஒரு நாளுக்கும் மேலாகப் புகைந்து, பாதி சரிந்து, கடைசியில் இடிக்கப்பட்டது. வேடிக்கை பார்த்த ஜனம் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து புடவை வாங்கியது. இதில் கேவலமாக ஒன்றுமில்லை. கடை யாரிடமும் விசுவாசம் கேட்பதில்லை. கூட்டத்துக்கு இடம் போனால் இன்னொரு இடம். சபைக்கு இடம் போனால் தான் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை எடுத்துக்காட்டுவதுதான் இலக்கியத்தின் வேலை என்பேன்.

அண்ணாச்சியின் கேள்விக்கு நேர் உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் போட்ட தீயில் கவென்ட்ரி நகரத்துப் பேராலயம் எரிந்து சுவர்களாக நின்றது. அந்தச் சபை இடிபாடுகளுக்குள்ளேயே வழிபட்டது. கருகிய இரண்டு உத்தரங்களைச் சிலுவையாகக் கட்டினார்கள். பின்னால் பீடத்துக்குப் பின்புறச் சுவரில் சிலுவையில் ஏசு சொன்ன மன்னிப்பு வாக்கியத்தைப் பொறித்தபோது, ‘இவர்களுக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். மன்னிக்கப்பட வேண்டியவர் யார் என்று சொல்லாததில், பொறித்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு சொல்லை நீக்கியே செய்த கவிதை அது. புதிய ஆலயம் 1962-இல் பழைய இடிபாட்டை அப்படியே விட்டு அதன் பக்கத்தில் எழுந்தது.

இதை எடுத்து யாழ்ப்பாணத்துக்குப் பாடமாகச் சொல்ல எனக்கு வாயில்லை. கவென்ட்ரி ஜெயித்த தேசத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் தீ வைத்தவர்கள் சொந்த அரசாங்கத்தின் போலீஸ்காரர்கள். யுத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1984-இல் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தார்கள். அடுத்த வருஷமே அது மறுபடி தாக்கப்பட்டது. பின்னர் அரசாங்கமே ‘புத்தகமும் செங்கல்லும்’ சேர்க்கும் இயக்கம் நடத்திக் கட்டிடத்தை எழுப்பியபோது, இடிபாட்டைச் சாட்சியாக விட்டுவை என்றவர்கள் இருந்தார்கள். 2003-இல் திறப்பு விழா எதிர்ப்பில் நின்றுபோனது. வெள்ளையடித்த சுவர் ஞாபகத்தை அழித்துவிடும் என்ற பயம் நியாயமானது. எரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மன்னிப்பைச் சிபாரிசு செய்வது அசிங்கம்.

கவென்ட்ரியில் நான் எடுத்துக்கொள்வது வேறு. புதிய ஆலயம் திறந்த அதே வாரத்தில் அங்கே பிரிட்டனின் ‘போர் இரங்கற்பா’ அரங்கேறியது. இறந்தோருக்கான லத்தீன் பூசைக்கு நடுவே, முதல் உலகப் போரில் செத்த வில்ஃப்ரட் ஓவனின் கவிதைகளை வைத்தார் அவர். ஆறுதலே சொல்லாத, மதகுருக்களையும் விட்டுவைக்காத கவிதைகள். குற்றச்சாட்டும் வழிபாடும் ஒன்றையொன்று ரத்து செய்துவிட வேண்டியதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. ஓவன் எழுதியபோது அவற்றில் சபை கிடையாது. நாற்பத்து சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு ஒரு சபை அவற்றைத் தன் பூசைக்குள் எடுத்துக்கொண்டது.

இங்கேதான் என் தவறு புரிந்தது. கல்லூரியில் ஆங்கிலம் படித்த தோஷம், கவிதைக்குள் இருப்பது மட்டுமே கவிதை என்று நம்பி வந்திருக்கிறேன். நுஃமானின் கவிதைக்குள் வாசகன் இல்லை என்றது சரி. ஆனால் ஜூன் மாதம் பிறக்கும்போதெல்லாம் எங்கோ ஒருவர் அதை மறுபடி அச்சிடுகிறார், எங்கோ ஒருவர் படிக்கிறார். மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடினோமே, அதுவும் அடுத்த ஞாயிறுகளில் ஒன்றுதான். இல்லாத சபையைக் கவிதை தன்னைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருக்கிறது. மரியாதை செலுத்திவிட்டு நகர்கிறவர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மீதிப் பாதி நிற்கிறது. வங்கியில் வராது என்று தெரிந்த கடனைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவோம். அந்தப் பக்கம் முடிந்தது. நம் இலக்கியம் இழப்பை அப்படித் தள்ளத்தான் பழகியிருக்கிறது: ஒரு நல்ல புலம்பல், ஒரு நல்ல சாபம், முடிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அது இரவல் கொடுத்த நூலகம். அன்றிரவு வாசகர்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த புத்தகங்கள் அந்தத் தீயில் எரிந்திருக்க முடியாது. நூலக முத்திரையோடு, திருப்பித் தர வேண்டிய தேதியோடு, யார் வீட்டு மேஜையிலோ அவை இருந்திருக்கும். தேதி வந்திருக்கும். அந்த வீட்டுக்காரர் என்ன செய்தார்? புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்தாரா, இடம் பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு போனாரா, 1984-இல் கதவு திறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தாரா?

அந்தக் கவிதையை நான் இன்னும் படிக்கவில்லை. அண்ணாச்சி கேட்டது அதைத்தான்.