உள்ளங்கைக்கு வரும் சாலை

எம்ஜிபி என்ற திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்தது. 1,798 சிசி எஞ்சின், ஏறக்குறைய 95 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இன்றைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கனம், மூன்று மடங்குக்கும் மேல் வலு. எண்களை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனாலும் ஓட்டும் இன்பத்தில் எம்ஜிபிதான் முன்னே நிற்கிறது என்பேன். காரணம் அதன் ஸ்டீயரிங். பவர் உதவி கிடையாது. முன்சக்கரம் ஏறும் சரளைக்கல்லின் அதிர்வு நேரே உள்ளங்கைக்கு வந்துவிடும். வளைவில் டயரின் பிடி தளரும்போது அந்த மெல்லிய வளையம் சட்டென்று இலேசாகும். கண்ணுக்கு முன்பே கை அறிந்துகொள்ளும். பிக்கப்பில் ஸ்டீயரிங்குக்கு உதவும் மின்மோட்டார் அந்தச் சேதியைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. டன் கணக்கில் கனக்கும் படகை இழுத்துச் செல்லும் வண்டிக்கு அந்த அமைதி தேவைதான்.

இதெல்லாம் பழம்பொருள் மோகம் என்பார்கள். மழையில் ஒழுகும் துணிக்கூரை, ஏர்பேக் இல்லாத குறை, எல்லாம் உண்மை. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போக பிக்கப்பே சரி. ஆனால் வெறும் மோகம் என்றால், 1989இல் மஸ்டா நிறுவனம் செய்த காரியத்துக்கு விளக்கம் கிடைக்காது. குறைந்த எடை, இரண்டே இருக்கை, பின்சக்கர இயக்கம் என்ற அதே இலக்கணத்தில் எம்எக்ஸ்-5 என்ற காரைப் புத்தம்புதிதாகச் செய்தார்கள், ஒழுகாத கூரையோடு. பத்து லட்சத்துக்கு மேல் செய்து, இன்றும் செய்கிறார்கள்.