பச்சை நோட்டும் மூன்று புத்தகங்களும்

"ஊர் சுற்றப் போன இடத்துல உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்தா, அப்புறம் எதைத்தான் பாக்கறது?" நீண்ட பயணம் போகிறவர்கள் நாட்குறிப்பு எழுதுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். பேட்ரிக் லீ ஃபெர்மரின் மூன்று பயண நூல்களை அடுத்தடுத்துப் படித்ததில் இதற்கு ஒரு பதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

முதலில் சுருக்கமாகக் கதை. 1933 டிசம்பரில், 18 வயதில், ஃபெர்மர் ஹாலந்தில் இறங்கி கான்ஸ்டான்டினோபிள் நோக்கி நடக்க ஆரம்பிக்கிறார். போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வழியெல்லாம் குறிப்பு எழுதுகிறார். முனிச்சில் அவருடைய முதுகுப்பை திருடு போகிறது, அதுவரை எழுதியதும் அதோடு போச்சு. பிறகு வேறு நோட்டு. அந்தப் பச்சை நோட்டை 1939இல் போர் வந்தபோது ருமேனியாவில் காதலி பலாஷா காண்டகுசீனின் வீட்டிலேயே விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்புகிறார். போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் அரசு அந்தக் குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றியபோதும் பலாஷா நோட்டைக் காப்பாற்றி வைத்திருந்தார். 1965இல் ஃபெர்மர் கைக்கு அது திரும்பி வந்தது.

'எ டைம் ஆஃப் கிஃப்ட்ஸ்' வந்தது 1977இல். 'பிட்வீன் தி வுட்ஸ் அண்ட் தி வாட்டர்' 1986இல். மூன்றாவதை அவர் முடிக்கவே இல்லை. 2011இல் இறந்தார். 2013இல் காலின் துப்ரானும் ஆர்ட்டெமிஸ் கூப்பரும் பதிப்பித்து 'தி ப்ரோக்கன் ரோட்' வெளிவந்தது.

முதல் நூலின் ஹாலந்து, ஜெர்மனிப் பகுதிகளைப் பாருங்கள். பனி மூடிய ஹாலந்தை டச்சு ஓவியங்களுக்குள் நடப்பது போல எழுதுகிறார். ரைன் நதியில் சரக்குப் படகில் போகிறார். எல்லாம் அவ்வளவு துல்லியம். இத்தனைக்கும் இந்தப் பகுதிக்கான நோட்டுதான் திருடு போனது! நோட்டு போனாலும், தினமும் எழுத உட்கார்ந்தவனின் கண்ணும் காதும் போகவில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். ராத்திரி எழுதணும்னு தெரிஞ்சவன் பகலில் வேற மாதிரி பார்க்கிறான். கதவின் நிறம் என்ன, அந்த ஊருக்கு அங்கே என்ன பெயர், கிழவி என்ன பாஷையில் திட்டினாள் என்று கேட்டு வைத்துக்கொள்கிறான்.

உடனே ஒரு மறுப்பு வரும். முனிச் பீர்க்கூடக் காட்சி புத்தகத்திலேயே பேர் பெற்ற இடம். பை காணாமல் போனது தெரிவது அதற்கு மறுநாள்தான், ஆக அந்த இரவை நோட்டில் எழுத நேரமே இருந்திருக்காது. எழுதாமலே நன்றாக வந்திருக்கிறதே? வந்திருக்கிறது. ஆனால் நிதானமாகப் படித்தால் அங்கே மனிதர்கள் குறைவு, மலைமலையாகச் சதையும் தீனியும்தான். நினைவு தனியாக வேலை செய்தால் இப்படித்தான் ஊதிப் பெருக்கும். ஹங்கேரிச் சமவெளியைக் குதிரையில் கடந்ததாக எழுதியதில் கொஞ்சம் கற்பனை உண்டு என்பது கூப்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் (2012) வருகிறது. இலக்கியத்தில் இதெல்லாம் குற்றமில்லை. 18 வயதுப் பையனின் நடையும் 60 வயதுக்காரரின் படிப்பும் கலந்ததுதான் முதல் இரண்டு நூல்களின் ருசி. ஆனால் நாம் யாரோடு நடக்கிறோம் என்பது சில பக்கங்களில் குழம்பிப் போகிறது.

மூன்றாவது நூலுக்கு வருவோம். இதன் பெரும்பகுதி, நோட்டு திரும்பி வருவதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில் நினைவிலிருந்து எழுதிய வரைவு. அது பல்கேரியாவின் கருங்கடல் கரையில், ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கான்ஸ்டான்டினோபிள் இல்லை! எந்த ஊரை நோக்கி ஒரு வருடம் நடந்தாரோ அந்த ஊரே இல்லை. சரி, நோட்டில் இருக்குமே என்று பதிப்பாசிரியர்கள் பார்த்தால், அங்கேயும் துண்டு துண்டாகச் சில குறிப்புகள்தான். அன்றைக்கு ஏன் எழுதவில்லையோ, சோர்வோ வெறுமையோ. பிறகு இத்தனை ஆண்டுகள் இருந்தும், அத்தனை மொழித்திறன் இருந்தும், அந்த நகரத்தை அவரால் எழுத முடியவில்லை. பயணத்தில் எழுதுவது வீண் வேலை என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த வெற்றிடத்தைத்தான்.

அதே நூலின் கடைசிப் பகுதி, அதோஸ் மலை மடங்களில் 1935 ஜனவரி, பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பு. அவருடைய 20வது பிறந்தநாளும் அங்கேயே வருகிறது. அலங்காரம் கம்மி. எந்த மடம், யார் உபசரித்தார்கள், வழி எப்படி, மனசு எப்படி என்று அன்றன்றைக்கு எழுதியது. சில இடங்கள் பையன்தனமாகவும் இருக்கின்றன. ஆனாலும் மூன்று நூல்களிலும் அந்த இளைஞன் நம் பக்கத்திலேயே நடப்பது இங்கே மட்டும்தான்.

நீண்ட பயணத்தில் மூன்றாவது மாதத்துக்கு மேல் ஊர்களெல்லாம் ஒன்று போலத் தெரிய ஆரம்பிக்கும். இன்னொரு கோயில், இன்னொரு சந்தை என்று ஆகிவிடும். அப்போது தினம் அரைப் பக்கம் எழுதுகிற பழக்கம்தான் இந்தச் சந்தை அந்தச் சந்தை இல்லை என்று காட்டிக்கொடுக்கும். பின்னால் புத்தகம் வருகிறதா என்பது வேறு விஷயம். நோட்டு தொலைந்தால்கூடப் பரவாயில்லை என்பதற்கு ஹாலந்துப் பக்கங்களே சாட்சி.

ஃபெர்மரை இதுவரை படிக்காதவர்கள் முதல் நூலிலிருந்தே தொடங்கலாம். ஏற்கெனவே படித்தவர்கள் அதோஸ் பகுதியை மட்டும் தனியாக எடுத்து இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.