வீட்டு பிரெட்டும் நாலு மணிப் பசியும்

வீட்டிலேயே பிரெட் சுடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். கடை பிரெட்டை இனித் தொடமாட்டோம் என்பது ஒன்று. எடை கூடிவிட்டது என்பது மற்றொன்று. 2020 ஊரடங்கில் கற்றுக்கொண்டு இன்றுவரை விடாமல் சுடுகிறவர்கள் சென்னையின் சாந்தோம், மந்தைவெளி அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். முதல் செய்தியைப் பெருமையோடு சொல்வார்கள், இரண்டாவதைச் சிரித்து மழுப்புவார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே என் கட்சி. ஆனால் ஆளாளுக்கு மைதாவைக் கைகாட்டுவதோடு எனக்கு உடன்பாடில்லை.

வீட்டு பிரெட்டுக்குச் சேரவேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுவோம். 2016இல் தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பன், பாவ் என்று 38 மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. அந்த ஆண்டே பொட்டாசியம் புரோமேட்டுக்கு அரசு தடை விதித்தது. வீட்டு பிரெட்டில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எது சேர்ந்தாலும் நாம் போட்டதுதான். கெவின் ஹால் குழு 2019இல் அமெரிக்காவில் நடத்திய சோதனையும் வீட்டுச் சமையலுக்கு ஆதரவாகவே தெரியும். 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் விருப்பம்போல் சாப்பிடக் கொடுத்தார்கள். ஆலை உணவு வாரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது.

இதை வைத்துக்கொண்டு, வீட்டில் சுட்டால் எடை ஏறாது என்று முடிவு கட்டுவதுதான் தவறு. ஆலை உணவு வாரங்களில் அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெத்தென்று இருப்பதை மெல்ல அதிக நேரம் தேவையில்லை. வயிறு போதும் என்பதற்குள் அடுத்த துண்டு கைக்கு வந்துவிடும். ஓவனிலிருந்து அப்போதுதான் இறக்கிய பிரெட்டைவிட மெத்தென்ற பண்டம் வேறென்ன இருக்கிறது?

மாவு விஷயத்திலும் ஒரு சறுக்கல் நடக்கிறது. உடம்புக்கு நல்லது என்றுதான் முழுக்கோதுமையில் ஆரம்பிக்கிறார்கள். நம் சப்பாத்தி மாவு கல்லில் அரைபட்டது. தண்ணீரை நிறையக் குடிக்கும், அதிலுள்ள தவிடு பசைத்தன்மையை அறுக்கும், பிரெட் செங்கல்லாக வந்து நிற்கும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அடுத்த வாரம் பாதி மைதா சேரும், அதற்கடுத்து முழு மைதா, பிறகு பால், வெண்ணெய், மில்க்மெய்டு. சிட்னியில் 1995இல் சூசன்னா ஹோல்ட் குழு ஒரே அளவு கலோரி கொண்ட 38 உணவுகள் எவ்வளவு வயிறு நிறைக்கின்றன என்று பார்த்தது. வெள்ளை பிரெட்டுக்கு 100 என்று வைத்தால் முழுக்கோதுமை பிரெட்டுக்கு 157, வெண்ணெய் மடித்த குரோசானுக்கு 47. செங்கல் பிரெட்டிலிருந்து பால் பிரெட்டுக்கு வருகிற பாதை இந்தப் பட்டியலில் இறங்குமுகம்தான்.

கைவேலையின் கர்வமும் சேர்ந்துகொள்கிறது. சூரிச்சில் 2014இல் வெளியான ஆய்வொன்றில், மில்க்ஷேக்கைத் தாங்களே கலக்கியவர்கள் அதை அதிகம் ரசித்ததோடு அதிகமாகவும் குடித்தார்கள். மூன்று மணி நேரம் மாவோடு மல்லாடியவர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. “எப்படி வந்திருக்கு, பாரு” என்று நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் நம் வீடுகளில் ஆளில்லை.

பிறகு ஊரின் புழுக்கம். சமையல் புத்தகங்கள் எழுதப்படுவது 20, 22 டிகிரி அடுக்களைகளில். கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சாந்தோம் வீட்டில் மே மாதப் பிற்பகலில் மாவு முக்கால் மணியில் பொங்கி நிற்கும். சுட்ட பிரெட்டோ இரண்டாம் மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். கடை பிரெட்டில் உள்ள கால்சியம் புரொப்பியோனேட் இதில் இல்லை. ஆகவே அதற்குள் தீர்த்தாக வேண்டும். ரசாயனம் இல்லாத நல்ல குணமே, மூன்று பேர் உள்ள வீட்டில் அரைக் கிலோ மாவு பிரெட்டை இரண்டு நாளில் காலி செய்யச் சொல்லும் கட்டளையாகிவிடுகிறது. வீணாக்கக் கூடாதென்று தின்பது நமக்குப் பழக்கமான பாவம்.

இவையெல்லாம் துணைக் காரணங்கள். முக்கியமான காரணம் கடிகாரத்தில், எந்த வேளையில் தின்கிறோம் என்பதில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறியது 1520களில். கோவாவில் அவர்கள் கள்ளைக் கொண்டு மாவைப் புளிக்கவைத்து பிரெட்டை ஊர் உணவாகவே ஆக்கினார்கள். இங்கே அது சோற்றுத் தட்டுக்குள் நுழையவில்லை. 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் தொடங்கி, மெழுகுத்தாள் சுற்றிய பிரெட் தெருமுனைக் கடைக்கெல்லாம் வந்த பிறகும், பல வீடுகளில் அது காய்ச்சல்காரர் உணவு. டாக்டர் சொன்னால் பாலில் தோய்த்துத் தருவார்கள். அந்த பிரெட்டைத் தின்று பருத்தவர் எவருமில்லை. ஆசைப்பட்டு யாரும் தின்னவில்லையே.

வீட்டு ஓவன் வந்ததும் பிரெட் பலகாரமாகிவிட்டது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை எல்லாம் அப்படியே இருக்க, நாலு மணிக்கு முறுக்கும் சுண்டலும் இருந்த இடத்தில் வெண்ணெய் தடவிய இரண்டு கனத்த துண்டுகள் வந்து உட்கார்ந்தன. யாழ்ப்பாணத்தில் பாண் என்று சொல்லும் பிரெட்டும் சம்பலும் ஒரு வேளைச் சாப்பாடு. அன்றிரவு சோறு கிடையாது. அங்கே கடைப் பாணுக்கு 450 கிராம் என்று நிர்ணயித்த எடையும் உண்டு. நம் வீட்டு பிரெட்டுக்கு எடையும் இல்லை, வேளையும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடை ஸ்லைஸ் 25, 30 கிராம். வீட்டுக் கத்தியில் அறுத்த துண்டு சுலபமாக 50 கிராம் வரும். இரண்டு துண்டும் இரண்டு தேக்கரண்டி வெண்ணெயும் சேர்ந்தால் 330 கலோரியைத் தொடும். வாரம் மூன்று நாள் என்றால், நாளொன்றுக்குச் சராசரி 140. 7,700 கலோரிக்கு ஒரு கிலோ என்று வகுத்துப் பயமுறுத்தும் பழைய கணக்கு எனக்கு ஒப்பவில்லை; எடை ஏற ஏற உடம்பின் செலவும் ஏறும். அதே ஹால் 2011இல் கொடுத்த கணக்கு நிதானமானது: தினமும் 24 கலோரி கூடினால் நாளடைவில் ஒரு கிலோ, அதில் பாதி முதல் ஆண்டிலேயே. அதன்படி முதல் ஆண்டில் மூன்று கிலோ, போகப் போக ஆறு. சிரித்து மழுப்புகிறவர்கள் சொல்லும் எண்ணும் ஏறக்குறைய இதுதான். இதே 140 கலோரி நாலு மணி பஜ்ஜியில் வந்திருந்தாலும் முள் இதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

ஆனாலும் இதை ஊர்ப் பிரச்சினையாக ஊதிவிடக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். இவர்களில் பெரும்பாலோர் ஓவனைத் தொட்டதே இல்லை. நொச்சிக்குப்பத்தில் விடிகாலை டீயோடு பன்னும் பொறையும் தின்கிறவருக்கு ஈஸ்ட் பொங்கும் கவலை கிடையாது. அந்த மாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியும் இல்லை. அந்த வகையில் வீட்டு ஓவன் ஒரு வசதிதான், அதை மூலையில் போடச் சொல்லமாட்டேன்.

எனவே சுடுங்கள். சூடாக அறுக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். உள்மாவு இறுகி மெல்லிசாக அறுக்க வரும், முதல் வேகத் தீனியும் தப்பும். அன்றைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைத் துண்டுகளாக ஃப்ரீசரில் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வேண்டாம், அங்கே இன்னும் சீக்கிரம் வறளும். உறையவைத்து டோஸ்ட் செய்த வெள்ளை பிரெட் ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றியதாக ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வு சொல்கிறது. பத்தே பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. அதைச் சாக்காக வைத்து நாலு துண்டு தின்ன வேண்டாம். நாலு மணிக்குப் பழையபடி சுண்டலே இருக்கட்டும். பிரெட்டை ராத்திரிச் சாப்பாடாக்கி, பக்கத்தில் பருப்போ முட்டையோ மீன் குழம்போ வையுங்கள். அன்றைக்கு மட்டும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றாதீர்கள்.