அயலவர் சமயம் இல்லாத சமய பாடம்

இலங்கையில் ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்த நாள் முதல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரை, பதினொரு ஆண்டுகள் சமயம் படிக்கிறது. சாதாரண தரத்தின் ஆறு கட்டாயப் பாடங்களில் சமயமும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டுமே படிக்கிறது. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம். பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் ஏனைய கிறிஸ்தவருக்கும் அவரவர் புத்தகம். கிழக்குக் கரையிலுள்ள வெருகலில் பத்தாம் தரத்தில் இருக்கும் ஒரு மாணவிக்கு, அதே வீதியில் வடக்கே இருக்கிற தோப்பூரிலும் மூதூரிலும் தன் வயது முஸ்லிம் பிள்ளைகள் எதை நம்பி வளர்கிறார்கள் என்று சமய பாடம் சொல்வதில்லை.

எடுத்த எடுப்பில் இந்த முறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது போராடிப் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படிப்பு வேண்டிய சைவப் பிள்ளை மிசன் பள்ளிக்கூடத்தில் வேதாகமமும் படிக்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாகவே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், பிள்ளைகளுக்கெனச் சைவ வினாவிடை எழுதினார். 1960இன் சட்டத்தோடு உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. இன்று ஒரு பிள்ளை தன் சமயத்தைத் தன் மொழியில், அரசு இலவசமாகத் தரும் புத்தகத்தில் படிக்கிறது. வெருகல் போன்ற பிரதேசத்துக்கு இதன் அருமை கூடுதல். 2006இல் போர் இந்த ஊர்களைப் பெயர்த்து வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் துரத்தியது. வீட்டில் பாட்டி சொல்லித் தரும் தொடர்பு அறுந்த இடத்தில், தேவாரம் பாடப்புத்தகத்தில் இருப்பது பெரிய காரியம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாவலர் கைக்கொண்ட வினாவிடை வடிவம் அவருடைய காலத்து விவாதங்களுக்கு உரமான கருவியாக இருந்தது. பரீட்சை அதைப் புள்ளிக்கான மனப்பாடமாக்கிவிட்டது. நாயன்மார் வரலாறு ஐந்து குறிப்புகளாகச் சுருங்குகிறது. அத்தோடு, நூல்வழிச் சைவம் மட்டும் சமயமாகிறபோது பக்கத்திலுள்ள வழிபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இந்தக் கரையில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இவர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. சமய பாடங்களின் பட்டியலில் இவர்களுடைய சடங்குகளுக்குப் பெயரே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை சைவநெறி எழுதிவிட்டுப் போகிறது.

இன்னும் கனமான குறை அயலைப் பற்றியது. அருகிலுள்ள சேருவிலை விகாரையில் புத்தரின் நெற்றி எலும்பு வைக்கப்பட்டிருப்பதாகவும் காவன்திஸ்ஸ மன்னன் அதைக் கட்டியதாகவும் பௌத்தர் நம்புகிறார்கள். இலங்கைத்துறை முகத்துவாரம் என்று நாம் சொல்லும் கரை அவர்களுக்கு லங்காபட்டுன, புனித தந்தம் வந்திறங்கிய துறை. அந்த நம்பிக்கையை ஏற்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கரையின் பெயர்ப்பலகை மாறும்போது ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தெரிவது பறிப்பு மட்டுமே. எதிரே நிற்பவர் எதைப் புனிதமென்று கும்பிடுகிறார் என்பது தெரியாது. அதே கரையில் தமிழருக்கிருக்கும் வழிபாட்டு நினைவு சிங்களப் பிள்ளைக்கும் தெரியாது. 2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை ஒட்டிப் போராட்டம் வெடித்தது, விடயம் மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. இரு தரப்பிலும் நின்றவர்கள் இந்தக் கல்விமுறை வளர்த்தவர்கள்தான். ஒருவர் உடையின் சமயப் பொருளை மற்றவர் படிக்க அது ஒரு பாடவேளையும் தரவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிலைமை இவ்வளவு மோசமில்லை. சித்திரவேலாயுதர் சந்நிதியைத் தொட்டு வெருகலைக் கடந்து போகும் கதிர்காமப் பாதயாத்திரிகர் சேரும் கதிர்காமத்தில் கப்புறாளைமார் என்னும் சிங்களப் பூசகர் பூசை செய்கிறார்கள், அருகிலே பள்ளிவாசல், சற்றுத் தள்ளிக் கிரிவெகெர என்னும் பௌத்தத் தாதுகோபம். அந்த ஊரின் மூன்று சமயங்களையும் விளங்கப்படுத்தும் புத்தகம் யாத்திரை போகும் பிள்ளையின் பையில் இல்லை.

உலக சமயங்களைத் தனிப் பாடமாக வைத்த இடங்கள் உண்டு. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் 2000ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பில் அதைக் கட்டாயமாக்கியது. லெஸ்டர், ரொபர்ட்ஸ் என்ற இருவர் அம்மாணவரை ஆய்ந்து 2006இல் எழுதினார்கள்: பிறர் சமய உரிமையை மதிக்கும் மனம் ஓரளவு வளர்ந்தது, சொந்த நம்பிக்கையை மாற்றப் பாடம் தூண்டியதற்குச் சான்று இல்லை. பிள்ளை மதம் மாறிவிடுமோ என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த மாதிரியை அப்படியே கொண்டுவர நான் சொல்லமாட்டேன். நிறுவுநர், வேதம், பண்டிகை என்று கட்டம் போட்டு நிரப்பும் பாடத்தில் நிறுவுநர் இல்லாத சைவம் முதல் கட்டத்திலேயே தடுமாறும், வேடர் வழிபாடு எந்தக் கட்டத்திலும் அடங்காது.

நோர்வேயின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கம். 1997இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அங்கே கொண்டுவந்த சமய பாடத்தில் கிறிஸ்தவமே மேலோங்கியிருந்தது. விலகிக்கொள்ளும் வழியும் போதவில்லை. 2007இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நமது அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் இந்நாட்டில், பொதுப் புத்தகத்தை எழுதுவது யார் என்ற தமிழரின், முஸ்லிம்களின் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லாமல் நல்லிணக்கம் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே சைவநெறியில் கை வைக்க வேண்டாம். ஞாயிறு அறநெறிப் பாடசாலையும் சொந்தச் சமயத்தைக் கற்பிக்கிறது, எனவே பத்தாம் தரத்தில் ஒரு தவணையின் சில பாடவேளைகளை அயலவர் சமயத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். அதற்குப் பரீட்சையும் புள்ளியும் கூடாது. இஸ்லாம் பற்றிய பகுதியை முஸ்லிம்களும் சைவம் பற்றியதைச் சைவரும் எழுதட்டும், மூதூரிலிருந்து இஸ்லாம் ஆசிரியர் வெருகலுக்கு வந்து கற்பிக்கட்டும், வெருகல் ஆசிரியர் அங்கே போகட்டும். இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கான பக்கத்தில் தந்தம் வந்த மரபும் தமிழரின் வழிபாட்டு நினைவும் வேடரின் வாய்மொழியும் இடம்பெற வேண்டும். அந்தப் பக்கம் சிங்களப் பாடசாலைக்குப் போகும் புத்தகத்திலும் ஒரு வரி குறையாமல் அச்சாக வேண்டும்.