இராசநாயக்கன் கைக்கு எட்டாத அப்பம்

செஞ்சிக் கோட்டையில் எந்தக் கல்லைத் தொட்டாலும் ஒரு தளபதி பேர் சொல்வார்கள். 1677 சிவாஜி, 1714 தேசிங்கு, 1750 புஸ்ஸி. கீழே நின்ற சிப்பாய்க்குப் பேர் கிடையாது. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோதும் மராட்டியப் பெருமை என்ற அதே கதையாடல்தான். இந்த ஊரிலிருந்து நான் யோசிப்பது இரண்டு சிப்பாய்களைப் பற்றி. ரெண்டு பேருமே பிறகு வேதம் சொன்னவர்கள்.

ஒருவர் லெமுவேல் ஹெய்ன்ஸ் (1753–1833). அப்பா கறுப்பர், அம்மா வெள்ளைக்காரி. கைக்குழந்தையிலேயே கைவிடப்பட்டு, மாசசூசெட்ஸில் ஒரு வீட்டில் 21 வயதுவரை ஒப்பந்த வேலையாள். 1776இல் டிக்கோண்டெரோகா கோட்டையில் காவல். விடுதலை பேசும் தேசம் அடிமை வைத்திருப்பதை அந்தச் சமயத்திலேயே கேள்வி கேட்டு எழுதினார். அந்தக் கைப்பிரதி அச்சேறியது 1983இல்! 1785இல் காங்கிரிகேஷனல் சபையில் குருப்பட்டம். அங்கே பிஷப் கிடையாது, போதகரைச் சபையே தேர்ந்துகொள்ளும். 1788 முதல் முப்பது வருஷம் வெர்மான்டில் வெள்ளைக்காரச் சபைக்குப் போதகர்.

இன்னொருவர் இராசநாயக்கன் (1700–1771). தஞ்சை அரசரின் படையில் இருந்த பறையர். கத்தோலிக்கராகப் பிறந்து, சீகன்பால்கு தமிழில் தந்த வேதத்தை வாசித்து லுத்தரன் சபைக்கு வந்தார். தஞ்சைப் பக்கத்து ஊர்களில் அலைந்து திரிந்து சபை வளர்த்த உபதேசியார். 1733இல் தரங்கம்பாடியில் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்த முறை இராசநாயக்கன் பேரும் அடிபட்டது. ஆனால் 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போனது. தகுதி போதாதென்று யாரும் சொல்லவில்லை. அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்பதுதான் காரணம். சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அமெரிக்கா உயர்வு, நாம மட்டம் என்று இதை வாசிப்பது சோம்பேறித்தனம். ஹெய்ன்ஸை மேடை ஏற்றியது சபையின் விருப்பம். 1818இல் இறக்கிவிட்டதும் அதே சபைதான். இராசநாயக்கனைத் தடுத்ததும் சபையின் விருப்பம்தான், மிஷனரிகள் அதற்குத் தலையாட்டினார்கள். 'மக்கள் முடிவு' என்றால் புல்லரித்துப் போகும் நம் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மக்கள் என்பது யார்? பட்டம் மறுக்கப்பட்ட நாளில் இராசநாயக்கன் வளர்த்த சேரிச் சபைகளும் மக்கள்தானே, அவர்கள் விருப்பம் ஏன் எடையாகவில்லை?

இன்னொன்றும் உறுத்துகிறது. சாதி பிரசங்கத்தைத் தடுக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த வசனத்தை எல்லாரும் கேட்டார்கள். கையிலிருந்து வரும் அப்பம்தான் சிக்கல். சொல் தீட்டாகாது, தொடுகை தீட்டு. நமது இலக்கியக் கூட்டங்களிலும் தலித் எழுத்தாளருக்கு ஒலிபெருக்கி கிடைக்கிறது. கூட்டம் முடிந்து சாப்பாடு யார் வீட்டில் என்று நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

ஹெய்ன்ஸின் குரல் இருநூறு வருஷம் பெட்டியில் கிடந்தாலும் அவர் கையெழுத்திலேயே கிடைத்தது. இராசநாயக்கன் நம்மிடம் வருவது பெரும்பாலும் ஹாலேயில் ஜெர்மன் மொழியில் அச்சான மிஷனரி அறிக்கைகள் வழியாக, அவரைப் பாராட்டியபடியே பட்டம் மறுத்தவர்களின் வாக்கியங்களில்.